ஒன்பதாம் சதுரம்

ஒடுகத்தூர் டீக்கடையிலேயே
தஸ்தகீர் சொல்லிவிட்டார்:
வண்டி ஓட்டுவேன் மேடம், பாட்டிலைத் தொடமாட்டேன்.
பின்சீட்டில் கிலுகிலுத்தன
ஸ்பிரிட் வாடையோடு நூற்றிருபது குப்பிகள்.

மலையில் மூன்று உயரம்.
உயரத்துக்கு மூன்று சதுரம்,
பத்தடிக்குப் பத்தடி, நைலான் கயிறு.
ஆடி, ஐப்பசி, தை, சித்திரை.
சதுரத்துக்கு அரைமணி குனியவேண்டும்.
கால் எட்டா என்று பார்த்து
எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆடியில் முதல் மழை விழுந்த மறுநாள்
அடிவாரமெங்கும் தம்பலப்பூச்சி.
யாரோ குங்குமச் சிமிழைக்
கைதவறிப் போட்டு
பொறுக்காமல் போனதுபோல.
இதுவும் சிலந்திக்குச் சொந்தம் என்றேன்.
தஸ்தகீர் நம்பவில்லை.
இவ்வளவு மெத்தென்று இருப்பது
அந்தச் சாதியாக இருக்காது என்றார்.

கருவேல முள்ளில்
அழுக்குப் பஞ்சைத் திணித்ததுபோல் ஒரு கூடு.
தொட்டால் உள்ளிருந்து ஊரே வருகிறது.
ஒரு வெட்டுக்கிளி, பதினொரு வாய்,
சத்தமில்லாத பந்தி.
ஆம்பூரில் எங்கள் தெருவில்
லாரித் தண்ணீர் வந்தால்
இரண்டு குடத்துக்கே போலீஸ் வரும்.

ஐப்பசியில் நடுமலை.
புங்க மரத்திலிருந்து மின்கம்பம்வரை தங்கநூல்,
வெயில் சாய்ந்தால் மட்டும் தெரியும்.
நடுவில் கையகலத்துக்கு அவள்.
ஓரத்தில் நொய்யரிசி அளவில் அவன்,
கணக்கில் வராமல் இருந்தால் போதும் என்று.
இரண்டு என்றுதான் எழுதினேன்.

பெயர் தெரியாதவை பதினேழு.
சென்னையிலிருந்து பதில் வரும்வரை
நானே வைத்துக்கொண்டேன்:
ஜிமிக்கி. முந்திரிக்கொட்டை.
பின்னால் போனாலும் முன்னால் பார்க்கிற
பி.டி. வாத்தியார்.

தையில் பீஞ்சமந்தைக்கு மேலே,
சாமை அறுத்த கொல்லை தாண்டி
ஒன்பதாம் சதுரம்.
பனி இறங்கி
புல்லுக்குப் புல் விரித்த கைக்குட்டை,
ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு ஓட்டை,
ஓட்டைக்குள் இரண்டு முன்கால்.
அறுபத்து நான்கு.
விரல் மரத்து, எண் கோணலாக விழுந்திருக்கிறது.

பிறகு மாசி. பிறகு பங்குனி.
பங்குனிக் கடைசியில் தீ.

சித்திரையில் போனபோது
கயிறு இல்லை.
நான்கு மூலையிலும்
உருகி உறைந்த நீலச் சொட்டு,
அதைவைத்துத்தான் சதுரம் என்று தெரிந்தது.
தீ அடிக்க மூன்று இரவு நின்ற
வாட்சர் சின்னாண்டிக்கு
புருவம் இன்னும் முளைக்கவில்லை.
இங்க எண்ண என்ன இருக்குதும்மா என்றான்.
அரைமணி குனிந்தேன்.
சாம்பல் கண்ணில் ஏறியது.
பூஜ்ஜியம் போட்டேன்.
வட்டம் எழுத இத்தனை நேரமா.

இருட்டியதும் ஊதா டார்ச்.
அதுவும் விதிமுறைதான்.
பாறை இடுக்கில் பதிந்த கல்லை நெம்பினேன்.
கீழே தேள்,
பச்சையும் நீலமுமாக எரிந்துகொண்டு.
முதுகில் ஏதோ ஒட்டியிருந்தது, மாவு அப்பியதுபோல்.
குஞ்சுகள்.
சட்டை உரிக்காத குஞ்சுக்கு
அந்த ஒளி பிடிபடாது.
சுமப்பவள் மினுங்கினாள்,
சுமை மங்கிக் கிடந்தது.

இருபத்திரண்டு என்றான் சின்னாண்டி.
காதருகே வேறொரு மூச்சு:
வாலுக்குக் கிட்ட ரெண்டை விட்டுட்டீங்க, இருபத்து நாலு.
வண்டியைவிட்டு இறங்காத தஸ்தகீர்
முட்டிபோட்டிருந்தார் சாம்பலில்.

படிவத்தில் முதுகில் இருப்பவர்களுக்குப்
பத்தி கிடையாது.
குப்பியைத் திறக்கவில்லை.
பூஜ்ஜியத்தை அடித்து ஒன்று என்று எழுதினேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
அதற்குப் பெரியவர்கள் திட்டுவார்கள்.

இறங்கும்போது யாரும் பேசவில்லை.
கீழே சமவெளியில் விளக்குகள்,
எண்ணவேண்டாத ஒரு கூட்டம்.
ஐந்தாவது வளைவில் பிரேக் அடித்தார்.
அந்தக் கல்லைத் திரும்ப வெச்சீங்கல்ல?
வைத்தேன்.
இருந்த மாதிரியேவா,
தலைமாடு கால்மாடு மாறாம?

டார்ச்சைக் கையில் பிடித்தபடி
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவர் வண்டியை எடுக்கவில்லை.